காட்டு நடையும் ஜிப்லைனும் ஒரே நாளில்: முதுகுப்பையை என்ன செய்வது?

வழிப்போக்கன்:

வணக்கம். மழைக்காட்டுக்குள் ஒரு நாள் பயணம் திட்டமிட்டிருக்கிறோம், ஆறு பேர். காலையில் 7 கிலோமீட்டர் நடை, மொத்த ஏற்றம் 400 மீட்டர். மேலே போனதும் ஏழு கம்பிகள் கொண்ட ஜிப்லைன் (மேடைக்கு மேடை கட்டிய கம்பியில் கப்பியில் தொங்கியபடி சறுக்கிப் போவது). கடைசிக் கம்பி முடியும் இடத்திலிருந்து வேறு பாதையில் 4 கிலோமீட்டர் இறக்கம். கிளம்பிய இடத்துக்குத் திரும்பப் போவதில்லை, அதனால் பையை எங்கேயும் விட்டுவிட்டுப் போக வழியில்லை.

பையை முதுகில் மாட்டிக்கொண்டே கம்பியில் போகலாமா? எத்தனை லிட்டர் பை சரியாக இருக்கும்?

குழுவில் 12 வயதுப் பையன் ஒருவன், 31 கிலோ. பெரியவர் ஒருவர் 108 கிலோ. நடத்துபவர்கள் சொன்ன எல்லை 30 முதல் 115 வரை. இருவருமே விளிம்பில் இருக்கிறார்கள். கையுறையால் கம்பியை அழுத்தி வேகம் குறைக்கும் முறை என்று சொன்னார்கள். மழை வந்தால் அது எடுபடுமா? அட்டை, கொசு பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கப்பி:

பையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நடைக்கு எடுத்துக்கொள்ளும் பையும் கம்பிக்கு ஏற்ற பையும் வேறு வேறு என்பதை மறந்துவிட்டுத்தான் பலரும் மேடை வரை வந்துவிடுகிறார்கள்.

முதுகில் மாட்டிக்கொண்டு போகக் கூடாது. ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டைக் கட்டு) உங்களைத் தாங்கும் புள்ளி இடுப்புக்கு முன்புறம், தொப்புள் பக்கத்தில் இருக்கிறது. தோளுக்குப் பின்னால் 6 கிலோ தொங்கினால் உடம்பின் எடை மையம் மேலேயும் பின்னாலும் நகரும், ஆள் மல்லாக்கச் சாய்வார். சிறிது தூரம் வயிற்றை இறுக்கி நிமிர்ந்திருக்கலாம். நீளமான கம்பியில் பாதி வழியிலேயே தசை சோர்ந்துவிடும். சாய்ந்துவிட்டால் எதிர் மேடையும் கைடு காட்டும் சைகையும் கண்ணில் படாது. இறங்கும்போது காலுக்குப் பதில் இடுப்போ முதுகோ முதலில் மேடையில் மோதும்.

அடுத்தது பட்டைகள். பையின் தொங்கும் நாடா, தண்ணீர்க் குழாய், மழையுறையின் கயிறு எதுவாக இருந்தாலும் கப்பிச் சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் புகுந்தால் கப்பி அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். போன வேகத்தில் நீங்கள் முன்னால் வீசப்பட்டு ஊசலாடுவீர்கள். பிறகு நடுவானில் ஆளை மீட்கும் வேலை. பையின் இடுப்புப்பட்டையும் தொல்லைதான்: ஹார்னஸ் உட்கார வேண்டிய இடத்தில் அதுவும் உட்காரும், ஹார்னஸை இறுக்க முடியாது.

பையை ஒரு தனிச் சுமையாக நினையுங்கள். இரண்டு வழி உண்டு. ஒன்று, கைடு தன் கப்பியில் எல்லாப் பைகளையும் கொண்டுபோவது. முன்பதிவு செய்யும்போதே இதைக் கேளுங்கள்: கைடு பை எடுப்பாரா, மொத்தம் எத்தனை கிலோ வரை, ஒவ்வொரு கம்பியிலுமா? இரண்டு, பையை உங்களுக்குக் கீழே தொங்கவிடுவது. இதற்கு 60 சென்டிமீட்டர் தையல் ஸ்லிங் (வளையமாகத் தைத்த வலுவான நாடா) ஒன்று, பூட்டுள்ள காராபைனர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) இரண்டு போதும். கீழ்க் காராபைனரை பையின் மேல் கைப்பிடியில் மட்டும் மாட்டாதீர்கள், கைப்பிடித் தையல் விட்டுப்போகும். கைப்பிடி, இரண்டு தோள்பட்டை, மூன்றையும் சேர்த்துக் கோத்து மாட்டுங்கள். மேல் காராபைனர் எங்கே என்பதைக் கைடுதான் காட்ட வேண்டும்; ஹார்னஸின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன வளையங்கள் சாமான் தொங்கவிடத்தான், ஊசலாடும் சுமைக்கு அல்ல.

தொங்கும் நீளத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பையின் அடிப்பகுதி உங்கள் பாதத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். கீழே போனால் எதிர் மேடையின் விளிம்பில் முதலில் இடிப்பது பைதான், அந்த இழுப்பு அப்படியே உங்களைப் பின்னுக்குத் திருப்பிவிடும். நீளம் அதிகமென்றால் ஸ்லிங்கை இரட்டையாக மடித்து மாட்டி, பையை இரண்டு தொடைக்கும் நடுவில் அணைத்துக்கொள்ளுங்கள்.

அளவு: 20 லிட்டர், அதிகம் போனால் 22. உள்ளே கம்பிச் சட்டமில்லாத பை, வாய் சுருட்டி மூடும் வகை. எல்லாம் நிரப்பியபின் 6 கிலோ தாண்ட வேண்டாம். தண்ணீரைக் குழாய் வைத்த பையில் கொண்டுவருவதைவிட பாட்டில்களில் கொண்டுவாருங்கள். வெளிப்பக்க வலைப் பாக்கெட்டில் பாட்டிலை விட்டுவிட்டு மேடை ஏறாதீர்கள். கீழே வேறொருவர் நடந்துகொண்டிருக்கலாம்.


சரிவுக்கணக்கு:

எடை விஷயத்துக்கு வருகிறேன். இருவருக்கும் சிக்கல் ஒன்றல்ல, நேரெதிர்.

ஒரே கம்பியில் கனமானவர் வேகமாகவும் லேசானவர் மெதுவாகவும் போவார்கள். காற்றின் எதிர்ப்பு உடம்பின் பரப்பைப் பொறுத்தது, இழுக்கும் விசை எடையைப் பொறுத்தது. 108 கிலோ மனிதரின் பரப்பு 31 கிலோ பையனைப் போல மூன்றரை மடங்கு இல்லை. அதனால் பையனைக் காற்று அதிகமாகத் தடுக்கும். இன்னொன்று: கம்பி நேர்கோடாக இருக்காது, தொய்ந்திருக்கும். பல கம்பிகளில் மிகத் தாழ்ந்த இடம் எதிர் மேடைக்கு முன்பே வந்துவிடும், கடைசித் தூரம் லேசான ஏற்றம். வேகம் போதாதவர் அந்த ஏற்றத்தில் நின்று, பின்னால் உருண்டு, தாழ்ந்த இடத்தில் தங்கிவிடுவார். எதிர்காற்று அடித்தால் 45 கிலோ ஆளுக்கும் இது நடக்கும்.

பையன் நின்றுவிட்டால் செய்ய வேண்டியது: கப்பி பின்னோக்கி உருளத் தொடங்குமுன் கையுறை போட்ட கையால் கப்பிக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டும். பிறகு உடம்பைத் திருப்பி, வந்த திசையைப் பார்த்தபடி, தலை எதிர் மேடைப் பக்கம் இருக்க, கை மாற்றிக் கை கம்பியைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். 12 வயதுக் கைக்கு 10 மீட்டர் முடியும். அதற்கு மேல் கைடு வந்து இழுத்துப்போவதுதான் முறை. காத்திருக்கும்போது அசையாமல் தொங்கக் கூடாது. தொடைப்பட்டை அழுத்திக் காலில் ரத்தம் தங்கும். சைக்கிள் மிதிப்பதுபோல் காலை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

உடம்பைச் சுருக்கி, முழங்காலை மார்புக்கு இழுத்துக்கொண்டால் காற்றுத்தடை குறைந்து வேகம் கூடும். கை கால் விரித்தால் குறையும். பையனுக்கு முதலாவதைப் பழக்குங்கள், பெரியவருக்கு இரண்டாவதை. நீளமான கம்பிகளில் பையனைக் கைடுடன் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது.

108 கிலோக்காரர் கணக்கை எழுதிப் பாருங்கள். ஹார்னஸ், ஹெல்மெட், கப்பி, இணைப்புக் கயிறுகள் சேர்ந்து 3 அல்லது 4 கிலோ. ஷூவும் வியர்வையில் நனைந்த உடையும் 2 கிலோ. அங்கேயே 113, 114 வந்துவிட்டது. 6 கிலோ பையைத் தொங்கவிட்டால் எல்லையைத் தாண்டுகிறார். அவர் பை கைடிடம்தான் போக வேண்டும், இதில் யோசனையே வேண்டாம். சொன்ன எல்லை வெறும் உடம்பு எடைக்கா, எல்லாம் சேர்த்தா என்றும் கேட்டுவிடுங்கள்.

கம்பி அறுந்துவிடும் என்பதற்காக வைத்த எல்லை மட்டும் அல்ல அது. கம்பிக்குத் தாங்கும் வலு மிச்சம் இருக்கும். பிரேக்குக்குத்தான் கணக்கு இறுக்கம்: நிறுத்த வேண்டிய ஆற்றல் எடைக்கு நேராகவும் வேகத்தின் வர்க்கத்துக்கு நேராகவும் கூடும், கனமானவருக்கு இரண்டுமே அதிகம்.


வழிப்போக்கன்:

மிக்க நன்றி இருவருக்கும். பெரியவர் பை கைடிடம் என்று முடிவு. நேரம் மிச்சப்படுத்த ஒருவர் எதிர் மேடை சேரும் முன்பே அடுத்தவர் கிளம்பலாமா? கையுறை பிரேக் பற்றியும் யாராவது விரிவாகச் சொல்லுங்கள்.


சரிவுக்கணக்கு:

கூடாது. மோதல் மட்டும் காரணமல்ல. நூறு மீட்டர் கம்பியின் நடுவில் 80 கிலோ ஆள், தொய்வு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எடையால் மட்டும் கம்பியில் வரும் இழுவிசை சுமார் 667 கிலோ, அதாவது அவர் எடையைப் போல எட்டு மடங்கு. (எடை × நீளம் ÷ தொய்வின் நான்கு மடங்கு.) நீங்கள் சொன்ன அந்த ‘அடுத்தவர்’ இதன்மேல் கூடுவார், அந்தச் சுமை மரத்துக்கும் நங்கூரத்துக்கும் போகும். முந்தையவரைக் கம்பியிலிருந்து கழற்றி, எதிர் மேடைக் கைடு சைகை கொடுத்த பிறகே அடுத்தவர் மாட்ட வேண்டும்.


ஈரக்கையுறை:

கையுறை பிரேக்: உள்ளங்கையில் தடித்த தோல் ஒட்டு இன்னொரு அடுக்காகத் தைத்த கையுறைதான் சரி. ஒற்றைத் தோல் சூட்டில் சீக்கிரம் தேய்ந்து ஓட்டை விழும். மாட்டுவதற்கு முன் உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். மெலிந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கை எப்போதும் கப்பிக்குப் பின்னால், குறைந்தது ஒரு சாண் தள்ளி. முன்னால் வைத்தால் கப்பி விரல்மேல் ஏறும். விரல்களைக் கம்பியைச் சுற்றி மடக்கக் கூடாது; உள்ளங்கையைக் கம்பியின் மேல் வைத்து கீழ்நோக்கி அழுத்த வேண்டும். மடக்கிப் பிடித்தால் கை நின்றுவிடும், உடம்பு போகும், தோள்மூட்டு விலகும். முழங்கை லேசாக மடங்கியே இருக்கட்டும்.

பயத்தில் பாதி வழியிலேயே அழுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. அழுத்தினால் மேடைக்கு முன்னாலேயே நின்றுபோவீர்கள். கைடு சைகை காட்டும்போது தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

மழை: ஈரக் கம்பியில் தண்ணீர்ப் படலம் வழுக்கும், தோலின் உராய்வு வெகுவாகக் குறையும். காய்ந்த கம்பியில் கடைசி 20 மீட்டரில் நின்றவர் ஈரத்தில் அதே இடத்தில் தொடங்கினால் நிற்க மாட்டார். முன்பே தொடங்க வேண்டும், அழுத்தமும் கூட வேண்டும். தூறலுக்குப் பிறகு கைடு ஒருவர் முதலில் போய்ப் பார்த்துவிட்டு எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்வது நல்ல நடைமுறை.

ஆனால் உங்கள் கேள்வியின் கீழே இன்னொரு கேள்வி இருக்கிறது. பயணியின் கை தவிர வேறு பிரேக் உண்டா? ஸ்பிரிங் அடுக்கு, கயிற்றோடு இணைத்த நிறுத்துக்கட்டை, கைடு இழுக்கும் கயிற்று பிரேக், இவற்றில் ஏதாவது ஒன்று முதன்மையாகவும், அது தவறினால் தானாகப் பிடிக்கும் இன்னொன்றும் இருக்க வேண்டும். கை பிரேக் மட்டும்தான், பின்னால் ஒன்றுமில்லை என்றால் அந்த இடத்துக்குப் பையனையும் 108 கிலோக்காரரையும் அழைத்துப் போகாதீர்கள். மழை நாளில் யாரையுமே வேண்டாம்.

இறங்கும்போது கால்களை முன்னால் தூக்கியபடி வாருங்கள், கைடு சொன்னதும் இறக்கி நடந்து நில்லுங்கள். விறைப்பாக நீட்டிய காலால் மேடையை உதைத்து நிற்கப் பார்த்தால் கணுக்காலோ கால் எலும்போ போகும். அமெரிக்காவில் 1997 முதல் 2012 வரை ஜிப்லைன் காயங்களுக்காக அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் சுமார் 16,850 பேர் என்று கணித்த ஆய்வில், கிட்டத்தட்ட பாதி எலும்பு முறிவுகள்தான்.

இடிச்சத்தம் கேட்டால் விவாதமே வேண்டாம், நிறுத்த வேண்டும். உயர்ந்த மரமும் நீண்ட எஃகுக் கம்பியும் சேர்ந்த இடம் அது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மறுபடி தொடங்கலாம்.


அட்டைக்காடு:

நடைப் பகுதிக்கு நான்.

சமவெளி வேகத்தை வைத்து நேரம் போடாதீர்கள். வேரும் சேறும் உள்ள காட்டுப்பாதையில் மணிக்கு 2.5 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். உங்கள் 7 கிலோமீட்டருக்கு 2 மணி 50 நிமிடம், 400 மீட்டர் ஏற்றத்துக்கு 40 நிமிடம், ஆக மூன்றரை மணி நேரம். ஆறு பேர், ஏழு கம்பி என்றால் உபகரணம் மாட்டுவது, பயிற்சி எல்லாம் சேர்த்து இரண்டரை மணி. இறக்கம் இரண்டு மணி. ஈர இறக்கம் ஏற்றத்தைவிட வேகம் என்று நினைக்க வேண்டாம். ஓய்வோடு ஒன்பது மணி நேரம். காலை 6.30க்குக் கிளம்பினால் 10 மணிக்கு மேடை, 12.30க்குக் கடைசிக் கம்பி. வெப்பமண்டலக் காடுகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். அதற்குள் கம்பியை விட்டு இறங்கிவிடுவீர்கள். மர நிழலில் இருட்டு வெளியைவிட முன்னதாகவே வரும், ஆளுக்கொரு தலைவிளக்கு கட்டாயம்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், பையனுக்கு 2. ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்துபோகும். உடம்பு குளிராது, ஆனால் நீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல் வரும். கொண்டுபோகும் மூன்று லிட்டரில் ஏதாவது ஒரு லிட்டரில் மட்டும் ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். உப்பிட்ட கொட்டைகளும் நல்லது. மேடை ஏறுவதற்கு அரை மணி முன்பு வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம், ஹார்னஸ் அழுத்தும்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, தொடைப்பட்டைக்குக் கீழே உரசி ரணமாகும். அரைக்கால் சட்டையும் அதே காரணத்துக்காக வேண்டாம். மெல்லிய நைலான் முழுக்காற்சட்டை. ஷூ ஆழமான பல் உள்ளதாக, நீர் வெளியேறும் வகையாக இருக்கட்டும். நீர் புகாத ஷூவுக்குள் மேலிருந்து தண்ணீர் புகுந்தால் நாள் முழுக்க அது வெளியே போகாது.

அட்டைக்கு நெருக்கமாக நெய்த, முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறைதான் நம்பகமானது. காற்சட்டைக்கு மேலே இழுத்து முடிச்சுப் போடுங்கள், அடிப்பகுதி ஷூவுக்குள். கடித்துவிட்டால் உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். அதன் வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடும். மெலிந்த முனைதான் கடிக்கும் வாய்ப்பக்கம். அங்கே நகத்தைத் தோலோடு சேர்த்துத் தள்ளி விடுவித்து, பிறகு தடித்த முனையை விடுவியுங்கள். அதன் எச்சிலில் உள்ள ஹிருடின் ரத்தம் உறைவதைத் தடுக்கும், அதனால் சில மணி நேரம் கசியலாம். பயப்பட வேண்டாம், கழுவி, அழுத்திக் கட்டுங்கள். ஹார்னஸ் போடுமுன் தொடை இடுக்கு, இடுப்பு, முழங்கால் மடிப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். பட்டை இறுக்கிய பிறகு அங்கே அட்டை இருப்பது தெரிந்தால் ஏழு கம்பியும் முடியும்வரை கை போகாது.

கொசுவுக்கு 20 முதல் 30 சதவீத டீட், அல்லது 20 சதவீத பிகாரிடின் உள்ள கொசுவிரட்டி. வெயில் களிம்பு முதலில், அது காய்ந்தபின் கொசுவிரட்டி.


கப்பி:

அட்டைக்காடு சொன்னதில் ஒரு சேர்க்கை. டீட் சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். கண்ணாடிச் சட்டம், கடிகார முகப்பு, ஹெல்மெட் ஓடு எல்லாம் ஆபத்தில். தடவிய கையைத் துடைக்காமல் ஹெல்மெட்டைத் தொடாதீர்கள். இந்தப் பயணத்துக்கு பிகாரிடின்தான் என் தேர்வு.

மேடையில் நீங்களே பார்க்க வேண்டியவை: ஹார்னஸ் இடுப்புப்பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும், கீழே இழுத்தாலும் இறங்கக் கூடாது. தட்டையான கை உள்ளே போகலாம், முஷ்டி போகக் கூடாது. பக்கிளைத் தாண்டி நாடா ஒரு கை அகலமாவது மிச்சம் இருக்கட்டும். சட்டைப் பையில் சாவி, போன் எதுவும் பட்டைக்கு அடியில் வேண்டாம். பெரியவருக்கு வயிறு முன்னால் இருந்தால் இடுப்புப்பட்டை சரிந்து இறங்கும். பையனுக்கு இடுப்பு இன்னும் அகலப்படவில்லை. இருவருக்குமே மார்புப்பட்டை சேர்ந்த முழு உடல் ஹார்னஸ் கேளுங்கள். தலைமுடி ஹெல்மெட்டுக்குள், துப்பட்டாவும் கழுத்துக் கயிறும் பைக்குள்.

மேடையில் நிற்கும்போது இரண்டு பாதுகாப்புக் கயிற்றில் ஒன்றாவது எப்போதும் மாட்டியிருக்க வேண்டும். இரண்டாவதை மாட்டி, காராபைனர் பூட்டியதை விரலால் அழுத்திப் பார்த்த பிறகே முதலாவதைக் கழற்றுவது. காராபைனரின் வாய் மூடாமல் இருந்தால் அதன் வலு மூன்றில் ஒரு பங்காகிவிடும். மலையேற்றக் காராபைனர்களுக்கான ஐரோப்பியத் தரம் மூடிய நிலையில் 20 கிலோநியூட்டன் (விசையின் அலகு), திறந்த நிலையில் 7 என்றுதான் கேட்கிறது.


வழிப்போக்கன்:

நடத்துபவர்களிடம் கேட்டேன். எல்லை எல்லாம் சேர்த்து 115. ஸ்பிரிங் பிரேக் ஐந்து கம்பிகளில் உண்டு, மூன்றாவதிலும் ஆறாவதிலும் கை மட்டும்தானாம். கைடு இரண்டு பை வரை எடுப்பார். அந்த இரண்டு கம்பிகளையும் தவிர்க்க நடைபாதை இருக்கிறது என்கிறார்கள்.


ஈரக்கையுறை:

அப்படியானால் 3, 6 இரண்டையும் ஆறு பேருமே நடந்து கடந்துவிடுங்கள். பாதையின் தூரம் கேட்டு நேரத்தில் கூட்டிக்கொள்ளுங்கள். நடக்கும் ஆட்கள் ஹார்னஸைக் கழற்ற வேண்டாம், தொடைப்பட்டையை மட்டும் தளர்த்தினால் போதும். அடுத்த மேடையில் அதை மறுபடி இறுக்கியதைக் கைடு கையால் தொட்டுப் பார்த்த பிறகே கம்பியில் மாட்டச் சொல்லுங்கள்.


கப்பி:

கைடு எடுக்கும் இரண்டு பையில் ஒன்று பெரியவருடையது, இன்னொன்று பையனுடையது. தொங்கும் பை காற்றைத் தடுக்கும், ஆடவும் செய்யும்; 31 கிலோ ஆளுக்குக் கூடுதல் எடை கிடைக்கிறது என்று நினைத்து அவனிடம் மாட்டிவிடாதீர்கள். மற்ற நால்வரும் வீட்டிலேயே ஒருமுறை பையை நிரப்பி, ஸ்லிங்கில் மாட்டி, ஒரு கம்பத்தில் தொங்கவிட்டு, அடிப்பகுதி பாதத்துக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.